பாறை ஏறுபவருக்கு எதற்குக் கட்சி அரசியல்?

அமெரிக்காவில் பாறை ஏறுபவர்கள் கூடினால் பாதி நேரம் செனட்டர்களைப் பற்றியும் மசோதாக்களைப் பற்றியும் பேசுகிறார்களே, ஒரு பொழுதுபோக்குக்கும் கட்சி அரசியலுக்கும் என்ன சம்பந்தம், இவர்கள் எல்லாரும் ஒரே கட்சிக்காரர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கொலராடோவில் குடியேறிப் பல வருடங்களாகப் பாறை ஏறிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அடிப்படை. நாங்கள் ஏறும் பாறை பெரும்பாலும் அரசாங்கத்தினுடையது. அமெரிக்க மத்திய அரசின் கையில் சுமார் 64 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. இந்தியாவின் மொத்தப் பரப்பில் முக்கால் பங்குக்கும் மேல். நெவாடா மாநிலத்தில் 80 சதவீதம் நிலம் மத்திய அரசினுடையது, யூட்டாவில் 60 சதவீதத்துக்கும் மேல். நம் ஊரில் புறம்போக்கு என்போமே, அதைப்போல யாருக்கும் பட்டா இல்லாத நிலம். ஆனால் இங்கே அதை வீணாய்க் கிடக்கும் நிலமாக நினைப்பதில்லை. ஆடு மாடு மேய்ப்பவர், வேட்டைக்காரர், சுரங்கக் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி, கூடாரம் போடும் குடும்பம், எங்களைப் போன்ற ஏறுபவர்கள் எல்லாரும் அதில் உரிமை கேட்கிறோம். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது வாஷிங்டன். பூங்காத்துறை, வனத்துறை, நில மேலாண்மைத் துறை ஆகியவற்றின் தலைவர்களை நியமிப்பது ஜனாதிபதியும் அவருடைய அமைச்சர்களும். பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம். ஒரு பாறைக்குப் போகும் மண்சாலையைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பதுகூட அந்தச் சங்கிலியில் எங்கோ ஓரிடத்தில் முடிவாகிறது. "அரசியலை மலைக்குக் கொண்டுவராதீர்கள்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்கள் சனிக்கிழமை காலை வண்டியை நிறுத்தும் இடத்தையே ஒரு சட்டம்தான் திறந்து வைத்திருக்கிறது.

இது புதிதாக வந்த பழக்கமும் இல்லை. 1939இல் நியூ மெக்சிகோவில் ஷிப்ராக் என்ற பிரம்மாண்டமான பாறைக்கோபுரத்தின் உச்சியை நாலு பேர் முதன்முதலாக எட்டினார்கள். அவர்களில் ஒருவர் டேவிட் ப்ரௌவர். பாறையில் துளை போட்டு விரியும் போல்ட் அடித்து ஏறுவது அமெரிக்காவில் அங்கேதான் தொடங்கியது. அதே ப்ரௌவர் 1952இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் முதல் செயல் இயக்குநரானார். டைனோசர் தேசிய நினைவுச்சின்னம் என்ற பாதுகாக்கப்பட்ட நிலத்துக்குள், எக்கோ பார்க்கில் கட்டவிருந்த அணையை அவரும் மற்றவர்களும் சேர்ந்து தடுத்தார்கள். 1966இல் கிராண்ட் கேன்யனில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். உடனே வருமான வரித்துறை சியரா கிளப்பின் மீது பாய்ந்தது. நன்கொடைக்கு இருந்த வரிவிலக்கு போய்விட்டது. ஆனால் அந்தச் செய்தி பரவியதும் சங்கத்தில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை ஏறியது, 1968இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. அரசியல் பேசும் ஏறுபவர்களின் வம்சம் என்று ஒன்று இருந்தால் அது அவரிடமிருந்துதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்திலேயே மலைக்கும் அரசியலுக்கும் நெருக்கம் இருந்தது. 1963இல் எவரெஸ்டில் கால்வைத்த முதல் அமெரிக்கர் ஜிம் விட்டேக்கர், 1965இல் ராபர்ட் கென்னடியைக் கனடாவின் யூகான் பகுதியில் இருக்கும் ஒரு மலை உச்சிக்கு அழைத்துப் போனார். சுட்டுக் கொல்லப்பட்ட அண்ணன் ஜான் கென்னடியின் பெயர் சூட்டப்பட்டிருந்த மலை அது. அதுவரை யாரும் ஏறாதது. அந்தப் பயணத்தில் தொடங்கிய நட்பு, விட்டேக்கரை 1968 தேர்தல் பிரச்சாரம்வரை கொண்டுபோனது. அவர் பின்னாளில் தலைமை நிர்வாகியாக இருந்த ஆர்இஐ என்ற மலையேற்றச் சாமான் கூட்டுறவு நிறுவனத்தின் இன்னொரு தலைவர் சாலி ஜுவல், 2013இல் ஒபாமாவின் உள்துறை அமைச்சரானார். இங்கே உள்துறை என்றால் போலீஸ் இல்லை, நிலமும் பூங்காக்களும்.

சரி, இன்றைய சண்டைக்கு வருவோம். உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் ஒரே ஆளிடம் இருக்கிறது என்று சொல்வேன். பெயர் ஜான் கர்ட்டிஸ். யூட்டாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர். முதலில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், இப்போது செனட்டர். ஏறுபவர்களில் பாதிப்பேர் அவருக்கு நன்றி சொல்கிறார்கள், பாதிப்பேர் அவரை மன்னிக்கவில்லை. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது.

மன்னிக்காததற்கான காரணத்தை முதலில் சொல்கிறேன். யூட்டாவின் தென்கிழக்கில் இந்தியன் க்ரீக் என்று ஓர் இடம். செம்மண் நிறத்தில் உயர்ந்த மணற்கல் சுவர்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை கோடு கிழித்தாற்போல வெடிப்புகள். கையையும் காலையும் அந்த வெடிப்புக்குள் செருகித் திருகி ஏறவேண்டும். புறங்கைத் தோல் உரியும். உலகத்தில் இந்த வகை ஏற்றத்துக்கு இதற்கு இணையான இடம் இல்லை என்று பல நாட்டவரும் வருகிறார்கள். இந்த இடமும் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளும் சேர்ந்ததுதான் பேர்ஸ் இயர்ஸ். ஹோப்பி, நவஹோ, சூனி, இரண்டு யூட் இனங்கள் ஆகிய ஐந்து பழங்குடி அரசுகள் 2015இல் ஒன்றுகூடி, எங்கள் முன்னோர் வாழ்ந்த, புதைந்த இந்த மண்ணைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டன. 2016 டிசம்பர் 28 அன்று ஒபாமா அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். பெயரைப் பார்த்துச் சிலையென்று நினைக்க வேண்டாம். 1906ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நாடாளுமன்றத்தைக் கேட்காமல் ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் மத்திய அரசு நிலத்தைப் பாதுகாக்கலாம். பரப்பு 13.5 லட்சம் ஏக்கர். கோவை மாவட்டத்தைவிடப் பெரியது. அந்த அறிவிப்பில் பாறை ஏற்றத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார்கள். எங்களில் பலருக்கு அது பெரிய விஷயம்.

ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 2017 டிசம்பர் 4 அன்று டிரம்ப் சால்ட் லேக் சிட்டிக்கு வந்து அதில் 85 சதவீதத்தை வெட்டினார். 2 லட்சம் ஏக்கர் சொச்சம் மிஞ்சியது, அதுவும் இரண்டு துண்டுகளாக. வேலி ஆஃப் த காட்ஸ் என்ற பள்ளத்தாக்கு வெளியே போனது, இந்தியன் க்ரீக்கிலேயே ஒரு பகுதி வெளியே போனது. மலையேற்ற உடைகள் விற்கும் பேட்டகோனியா நிறுவனம் தன் இணையதளத்தின் முகப்பைக் கறுப்பாக்கி, ஜனாதிபதி உங்கள் நிலத்தைத் திருடிவிட்டார் என்று எழுதியது. அதை ஆரம்பித்த இவோன் ஷினார்ட், ஏறுபவர்களுக்கு ஆணி அடித்து விற்ற கொல்லர். பழங்குடியினர் ஒரு பக்கம் வழக்குப் போட்டார்கள். பேட்டகோனியாவும் ஏறுபவர்களின் உரிமைக்காக நடக்கும் ஆக்சஸ் ஃபண்ட் அமைப்பும் மற்றவர்களும் இன்னொரு வழக்குப் போட்டார்கள். அதே மாதத்தில் கர்ட்டிஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். டிரம்ப் வெட்டி மிச்சம் வைத்த அந்தச் சின்ன எல்லையையே சட்டமாக்கி நிரந்தரமாக்கும் மசோதா. அது நிறைவேறவில்லை. 2021 அக்டோபரில் பைடன் பழைய எல்லையை மீட்டார்.

இந்தச் சண்டையில் பணம் பேசியதையும் சொல்ல வேண்டும். வெளிப்புற விளையாட்டுச் சாமான்களுக்கான அமெரிக்காவின் மிகப் பெரிய வர்த்தகக் கண்காட்சி இருபது வருடங்களாக சால்ட் லேக் சிட்டியில்தான் நடந்தது. 2017 பிப்ரவரியில் யூட்டா கவர்னர், பேர்ஸ் இயர்ஸ் அறிவிப்பை ரத்து செய்யும்படி ஜனாதிபதியைக் கேட்கும் தீர்மானத்தில் கையெழுத்திட்டார். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. அதே ஊரில் தொழில் நடத்திய, பிளாக் டயமண்ட் என்ற ஏறுசாமான் நிறுவனத்தைத் தொடங்கிய பீட்டர் மெட்காஃப், கண்காட்சி ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். 2018இல் அது டென்வருக்கு வந்தது. அதனால் நினைவுச்சின்னம் பிழைக்கவில்லை, அது உண்மை. 2023இல் கண்காட்சியும் யூட்டாவுக்கே திரும்பிப் போனது. ஆனால் செருப்பும் கயிறும் விற்பவர்கள் ஒரு மாநில அரசை எதிர்த்து நிற்க முடியும் என்பதை அரசியல்வாதிகள் அப்போது பார்த்தார்கள். இன்று அரசின் கணக்கே இதைச் சொல்கிறது. 2016இல் வந்த ஒரு சட்டத்தால் வெளிப்புறப் பொழுதுபோக்கின் பொருளாதாரத்தை வணிகத்துறை தனியாக அளக்கிறது. 2023இல் அது நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.3 சதவீதம், சுமார் 64,000 கோடி டாலர், 50 லட்சம் வேலைகள்.

இப்போது கர்ட்டிஸின் மறுபக்கம். இதற்கு போல்ட் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். செங்குத்தான சுவரில் வெடிப்பே இல்லாத இடத்தில் கயிற்றை மாட்ட, பாறையில் விரலளவு துளை போட்டு எஃகு போல்ட் இறக்குவார்கள். உச்சியிலிருந்து கயிற்றில் இறங்குவதற்கும் இரண்டு போல்ட் வேண்டும். அது இல்லையென்றால் பல சுவர்களில் ஏறியவர் உயிரோடு இறங்க வழியில்லை. 1964இல் வந்த வில்டர்னஸ் சட்டம், மனிதக் கை படாமல் விடவேண்டிய காட்டுநிலங்களில் கட்டுமானமோ நிறுவலோ கூடாது என்கிறது. போல்ட் ஒரு நிறுவலா? சட்டம் வந்தபோது யாரும் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்களில் ப்ரௌவரும் ஒருவர், ஷிப்ராக்கில் போல்ட் அடித்து ஏறிய குழுவில் இருந்த அதே ஆள். 1998இல் ஐடஹோவின் சாடூத் மலைப்பகுதியில் எழுந்த விவகாரத்தைத் தொடர்ந்து வனத்துறை தடை போட்டுப் பார்த்தது, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. அப்புறம் 2023 நவம்பரில் பூங்காத்துறையும் வனத்துறையும் வெளியிட்ட வரைவுகள், போல்ட் தடை செய்யப்பட்ட நிறுவல்தான், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆய்வு செய்து விலக்கு வாங்க வேண்டும் என்றன. யோசெமிட்டி பூங்காவில் ஏறக்குறைய 95 சதவீதம் வில்டர்னஸ். எல் கேபிடன் சுவர் அதற்குள் இருக்கிறது. துருப்பிடித்த பழைய போல்ட்டை மாற்றவே அலுவலகத்தில் காத்திருக்க வேண்டும் என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இந்த வரைவைக் கொண்டுவந்தது ஜனநாயகக் கட்சி ஆட்சி. பேர்ஸ் இயர்ஸை மீட்டுக் கொடுத்த அதே பைடன் ஆட்சி. வீட்டு வாசலில் ஜனநாயகக் கட்சிப் பலகை வைத்திருந்த என் நண்பர்கள் அன்று வாயடைத்துப் போனார்கள். எங்கள் தரப்பில் நின்றது யார்? கர்ட்டிஸ். கொலராடோவின் ஜனநாயகக் கட்சிக்காரர் ஜோ நெகூஸோடு சேர்ந்து, வில்டர்னஸில் ஏறுவதும் போல்ட் பயன்படுத்துவதும் முறையானதே என்று சொல்லும் மசோதாவை 2023இலேயே கொண்டுவந்திருந்தார். அது எக்ஸ்ப்ளோர் சட்டம் என்ற பெரிய தொகுப்புக்குள் சேர்ந்தது. ஆர்கன்சாவின் குடியரசுக் கட்சிக்காரர் புரூஸ் வெஸ்டர்மேனும் அரிசோனாவின் ஜனநாயகக் கட்சிக்காரர் ரவுல் கிரிஹால்வாவும் கொண்டுவந்த தொகுப்பு அது. இரு அவைகளிலும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. 2025 ஜனவரி 4 அன்று பைடன் கையெழுத்திட்டார். தன் துறைகளே எழுதிய வரைவுக்கு நேர்மாறான சட்டத்தில்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். போல்ட்டை எதிர்த்த வில்டர்னஸ் அமைப்புகளை எதிரியாக நான் பார்க்கவில்லை. இன்று ஏறுபவர்களுக்கு விலக்கு கொடுத்தால் நாளை சைக்கிள்காரர் கேட்பார், மறுநாள் வேறொருவர் கேட்பார் என்ற அவர்கள் பயம் உண்மையான பயம். எங்களிலும் பொறுப்பில்லாதவர்கள் உண்டு. 2021இல் யூட்டாவில் மோவாப் பக்கம் ஒருவர், பழங்காலப் பாறைச் செதுக்கல்களின் மேலேயே போல்ட் அடித்துவிட்டார். கிறுக்கல் என்று நினைத்தேன் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். வில்டர்னஸில் மோட்டார் துளைக்கருவிக்குத் தடை இருக்கிறது, கையால்தான் துளைக்க வேண்டும். அந்தத் தடையை நான் மனதார ஆதரிக்கிறேன். ஒரு துளைக்கு அரை மணி நேரம் சுத்தியல் அடிப்பவர் தேவையில்லாமல் ஒரு துளைகூடப் போடமாட்டார்.

அப்படியானால் இரண்டு கட்சியும் ஒன்றுதானா? இல்லை. இதை மழுப்பாமல் சொல்கிறேன். பொது நிலத்தை விற்கவோ மாநிலங்களுக்கு மாற்றவோ வேண்டும் என்ற முயற்சி திரும்பத் திரும்பக் குடியரசுக் கட்சியின் மேற்கு மாநிலப் பிரிவிலிருந்துதான் வருகிறது. 2016இல் அது அந்தக் கட்சியின் தேசியக் கொள்கை அறிக்கையிலேயே இருந்தது. மாநிலத்துக்குப் போனால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். மாநிலங்களுக்கு அவை உருவானபோது கொடுக்கப்பட்ட நிலங்கள் பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு வருமானம் ஈட்டித் தரவேண்டியவை. பட்ஜெட் இடித்தால் விற்பார்கள், விற்றும் இருக்கிறார்கள். விற்ற நிலத்தில் வேலி வந்துவிடும்.

ஆனால் அந்த முயற்சிகளை முறித்தவர்கள் யார் என்று பாருங்கள். 2017 ஜனவரியில் யூட்டாவின் குடியரசுக் கட்சிப் பிரதிநிதி ஜேசன் சாஃபெட்ஸ், 33 லட்சம் ஏக்கரை விற்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் கொதித்துப்போனார்கள். பெரும்பாலும் அவருடைய சொந்தக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர்கள். ஒரு வாரம் பத்து நாளில், வேட்டை உடையில் நாய்க்குட்டியோடு நிற்கும் படத்தைப் போட்டு, மசோதாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அறிவித்தார். 2025 ஜூனில் அதே யூட்டாவின் செனட்டர் மைக் லீ, பெரிய பட்ஜெட் மசோதாவுக்குள் 11 மேற்கு மாநிலங்களில் 22 லட்சம் முதல் 33 லட்சம் ஏக்கர்வரை விற்கும் பிரிவைச் சேர்த்தார். வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். நாங்கள் எல்லாரும் ஃபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நானும் எங்கள் தொகுதி அலுவலகத்துக்குப் பலமுறை பேசினேன். ஆனால் ஆட்டத்தை மாற்றியது ஐடஹோவின் இரண்டு குடியரசுக் கட்சி செனட்டர்களும் மொன்டானாவின் குடியரசுக் கட்சிக்காரர்களும். டிரம்பின் முதல் உள்துறை அமைச்சராக இருந்து பேர்ஸ் இயர்ஸைச் சுருக்கப் பரிந்துரைத்த ரயன் ஜிங்கியே இந்த விற்பனையை எதிர்த்தார். செனட்டின் விதி அதிகாரியும் அந்தப் பிரிவு பட்ஜெட் மசோதாவில் செல்லாது என்றார். ஜூன் 28 அன்று லீ அதைத் திரும்பப் பெற்றார்.

இதனால்தான் ஏறுபவர்கள் ஒரே கட்சிக் கூடாரமாகிவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன். எங்கள் எண்ணிக்கை சின்னது. மொன்டானாவில் மான் வேட்டைக்குப் போகும் பண்ணைக்காரரின் ஓட்டு செனட்டரின் நாற்காலியை ஆட்டும், என் ஓட்டு அந்த அளவு ஆட்டாது. அவரும் நானும் துப்பாக்கிச் சட்டத்தில், வரியில், கருக்கலைப்பில் எதிலும் ஒத்துப்போக மாட்டோம். நிலம் நிலமாக இருக்கட்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போவோம். அந்த ஒன்று போதும் என்பதை 2017இலும் 2025இலும் கண்ணால் பார்த்தோம்.

தேர்தல் பயம் நல்லதும் செய்யும். நிலம் நீர் பாதுகாப்பு நிதி என்று 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஒரு நிதி இருக்கிறது. கடலில் எடுக்கும் எண்ணெய், எரிவாயுவுக்கு அரசுக்கு வரும் பங்கிலிருந்து பூங்காக்களுக்கும் புது நிலம் வாங்கவும் பணம் தருவது. வருடத்துக்கு 90 கோடி டாலர் வரவேண்டியதை நாடாளுமன்றம் பல வருடம் வேறு செலவுக்குத் திருப்பிவிட்டது. டிரம்பின் பட்ஜெட்டுகளே அதை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கப் பார்த்தன. 2020இல் கொலராடோவின் கோரி கார்ட்னர், மொன்டானாவின் ஸ்டீவ் டெய்ன்ஸ் என்ற இரண்டு குடியரசுக் கட்சி செனட்டர்களுக்குத் தேர்தல் நெருக்கடி. இருவரும் டிரம்பிடம் போய்ச் சம்மதம் வாங்கினார்கள். செனட்டில் 73க்கு 25 என்று நிறைவேறியது. வருடம் 90 கோடி நிரந்தரமானது, பூங்காக்களின் பழுது வேலைக்கு ஐந்து வருடத்தில் 950 கோடி டாலர்வரை தனியாக. கார்ட்னர் தோற்றுப்போனார், டெய்ன்ஸ் ஜெயித்தார். ஓட்டுக்காகத்தானே செய்தார்கள் என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. ஓட்டுக்காக ஒரு செனட்டர் பூங்காவுக்குப் பணம் கொடுக்கிறார் என்றால், பூங்காவை நேசிப்பவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று அவர் நம்பத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

கட்சிக் கணக்கில் அடங்காத இன்னொரு விஷயம், பழங்குடியினர். இதில் எங்கள் கை முழுச் சுத்தம் இல்லை. வயோமிங்கில் டெவில்ஸ் டவர் 1906இல் அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் தேசிய நினைவுச்சின்னம். லக்கோட்டா உள்ளிட்ட பல இனங்களுக்குப் புனிதமான இடம். 1995 முதல் ஜூன் மாதம் அவர்கள் சடங்குகள் நடக்கும்போது யாரும் ஏற வேண்டாம் என்று பூங்காத்துறை வேண்டுகோள் வைத்தது. கட்டாயமில்லை, வேண்டுகோள்தான். பெரும்பாலோர் மதித்தார்கள். சில வழிகாட்டிகள் அதையும் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், வேண்டுகோள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. டாஹோ ஏரிக்கரையில் கேவ் ராக் விஷயத்தில் ஆக்சஸ் ஃபண்டே வாஷோ இனத்தவரின் கோரிக்கைக்கு எதிராக வழக்காடி 2007இல் தோற்றது. அந்தப் பாறையில் இன்று ஏற்றம் இல்லை. அது சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன். அந்த வழக்கைப் போட்டிருக்கவே கூடாது.

பேர்ஸ் இயர்ஸில் அதே அமைப்பு பழங்குடியினர் பக்கம் நின்றது என்றால், நடுவில் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் பொருள். அரிசோனாவின் ஓக் ஃப்ளாட் அந்தப் பாடத்தின் கடினமான பக்கம். அப்பாச்சி இனத்தவருக்குக் கோயில் மாதிரியான இடம், ஏறுபவர்கள் பெரிய போட்டிகள் நடத்திய பாறைக்காடு. 1955இல் ஐசனோவர் ஆட்சி சுரங்கத்துக்குத் தடை போட்டிருந்தது. 2014 டிசம்பரில் ஜான் மெக்கெயின் ராணுவச் செலவு மசோதாவின் உள்ளே ஒரு பிரிவைச் செருகி, அந்த நிலத்தைத் தாமிரச் சுரங்கக் கம்பெனிக்கு மாற்ற வழி செய்தார். கையெழுத்திட்டவர் ஒபாமா. இரண்டு கட்சியும் சேர்ந்து செய்தது. உள்ளூர் ஏறுபவர்களில் ஒரு பிரிவு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு வேறு பாறைகளுக்கு அனுமதி வாங்கிக்கொண்டது. இன்னொரு பிரிவு கடைசிவரை எதிர்த்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அப்பாச்சிகளின் மத உரிமை வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது.

2025இல் எங்களை நேரடியாகத் தொட்டது பணிநீக்கம். பிப்ரவரி நடுவில் பூங்காத்துறையில் தகுதிகாண் காலத்தில் இருந்த சுமார் 1,000 பேரையும் வனத்துறையில் அதைவிட அதிகமானவர்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாதையைச் சரிசெய்பவர், கழிப்பறையைப் பார்த்துக்கொள்பவர், ராஜாளிக் கூட்டைக் கண்காணித்து இந்தச் சுவரில் இந்த மாதம் ஏறாதே என்று சொல்பவர், இவர்கள்தான் அந்த எண்கள். பிப்ரவரி 22 அன்று யோசெமிட்டி ஊழியர்கள் சிலர் எல் கேபிடனின் மேலே அமெரிக்கக் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ஆபத்தில் இருக்கிறோம் என்பதற்கான பழைய கப்பல்காரர் சைகை அது. அப்போது ஏறுபவர்களுக்குள்ளேயே சண்டை. கொடியை அவமதித்தார்கள் என்றார் ராணுவத்தில் இருந்து வந்த ஒரு நண்பர். அதே நண்பர், வேலை போன ஒரு பூங்கா ஊழியருக்காக நாங்கள் பணம் சேர்த்தபோது எல்லாரையும்விட அதிகம் கொடுத்தார். பிறகு வேறொரு கொடியும் தொங்கவிடப்பட, எல் கேபிடனில் பெரிய கொடிகளுக்கே பூங்கா தடை போட்டுவிட்டது.

எந்தக் கட்சி என்று என்னைக் கேட்டால், நான் இதுவரை அதிகமாக ஓட்டுப் போட்டது ஜனநாயகக் கட்சிக்கு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வேட்பாளர் பாறைக்கு வந்து கயிறு கட்டிப் படம் எடுத்துக்கொண்டால் நான் அசையமாட்டேன். நில விற்பனை வந்தபோது எப்படி ஓட்டுப் போட்டார், பூங்காத்துறைச் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்கச் சம்மதித்தார், தன் மாநிலப் பழங்குடி அரசுகள் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து கேட்கிறாரா, இந்த மூன்றையும் பார்ப்பேன். மூன்றும் பொதுவில் கிடைக்கும் தகவல்கள். கர்ட்டிஸுக்கு போல்ட் விஷயத்தில் நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன். பேர்ஸ் இயர்ஸ் மசோதாவுக்காகக் கண்டனக் கடிதமும் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் என் பெயரும் கையெழுத்தும் இருந்தன.

பேர்ஸ் இயர்ஸ் கதை முடியவில்லை. ஒரு ஜனாதிபதி அறிவித்த நினைவுச்சின்னத்தை இன்னொருவர் ரத்து செய்ய முடியாது என்று 1938இல் நீதித்துறை சொன்ன கருத்தை, 2025இல் அதே துறை மாற்றிக்கொண்டது. முழுவதுமாகவே ரத்து செய்யலாம் என்கிறது புதிய கருத்து. எல்லை எந்த நாளும் மறுபடி மாறலாம். இந்த வசந்த காலத்திலும் இந்தியன் க்ரீக்குக்குப் போவதாக இருக்கிறோம்.